பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகின் அபூர்வ மேளங்கள்: ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

உலக இசையைப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறோம் என்றதும் பலரும் மேசை நிறையக் கருவிகளை அடுக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பதினைந்து கருவி பார்த்தாயிற்று. மறுவாரம் கேட்டால், பெரியதாக ஒன்று இருந்தது, சத்தமாக இருந்தது என்பதற்கு மேல் எதுவும் நினைவில் இருக்காது.

ஒரு பருவத்துக்கு மூன்றே மேளங்கள் போதும் என்பது என் உறுதியான கருத்து. அந்த மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும், உடம்பில் வாங்க வேண்டும், காதால் கூர்ந்து கேட்க வேண்டும், அப்புறம்தான் கையால் தொட வேண்டும். அதை வாசிக்கிற மக்கள் யார், என்ன பட்டு அந்த மேளத்தைக் காப்பாற்றினார்கள் என்பதும் கூடவே வர வேண்டும். அப்படிக் கற்ற மூன்று மேளங்கள் பிள்ளைகளோடு வெகுகாலம் இருக்கும்.

இந்த வழிகாட்டி வாரத்துக்கு ஒரு வகுப்பு, எட்டு வாரம் என்ற கணக்கில், 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது. நீங்கள் தாளக் கலைஞராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பயிற்சியையும் வகுப்புக்குப் போகும் முன் நீங்களே தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

படி 1: மூன்று மேளங்களைத் தேர்ந்தெடுப்பது

தோற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பாருங்கள். தமிழ் மரபு கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரிக்கிறது. 1914இல் ஹார்ன்போஸ்டல், ஸாக்ஸ் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்றும் உலக அருங்காட்சியகங்கள் பின்பற்றுகின்றன. அதிலும் அடிப்படை ஏறக்குறைய இதே நான்குதான். இந்த ஒரு சட்டகம் இருந்தால் பிள்ளைகள் எந்த நாட்டுக் கருவியைப் பார்த்தாலும், இதில் எது அதிர்கிறது என்ற கேள்வியோடு அணுகப் பழகுவார்கள்.

மேளம் என்று நாம் சொல்வதற்குள்ளேயே எத்தனை விதம்! மாலி, கினி பகுதியின் மாண்டே மக்களுடைய ஜெம்பேயில் ஆட்டுத்தோலைக் கையால் அடிக்கிறார்கள். நைஜீரியாவின் யொரூபா மக்களுடைய துந்துன் இடை சிறுத்த மேளம். இரு முகத்தையும் இணைக்கிற வார்களைக் கக்கத்தில் வைத்து அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். உடுக்கையின் கயிற்றை இறுக்குகிறபோது நடப்பதும் இதேதான். பிரேசிலின் குயீக்காவில் தோலை அடிப்பதே கிடையாது. தோலின் உள்பக்கம் நட்டுவைத்த ஒரு மெல்லிய குச்சியை ஈரத்துணியால் உருவுகிறார்கள், மேளம் கீச்சிடுகிறது, முனகுகிறது, சிரிக்கிறது. பெரு நாட்டின் காஹோன் வெறும் மரப்பெட்டி. நைஜீரியாவின் இக்போ பெண்கள் மரபாக வாசித்துவந்த ஊடு, வயிற்றில் கூடுதலாக ஒரு துளையுள்ள மண்பானை. அந்தத் துளையை உள்ளங்கையால் மூடித் திறந்தால் அடி வயிற்றிலிருந்து ஒரு ஆழமான ஒலி எழும். காமரூன் காடுகளில் வாழும் பாக்கா பெண்கள் ஆற்றில் இறங்கி, தண்ணீரையே மேளமாக அறைந்து தாளம் எழுப்புகிறார்கள்.

என்னைக் கேட்டால் காஹோன், துந்துன், குயீக்கா மூன்றையும் எடுப்பேன். காஹோன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கக்கூடியது, கனமான மரப்பெட்டி எதுவானாலும் பயிற்சிக்குப் போதும். துந்துன் வகுப்புக்கு ஒன்று இருந்தால் போதும், அது பேசப் போகிறது, மற்றவர்கள் கேட்கப் போகிறார்கள். குயீக்காவைப் பிள்ளைகளே செய்துவிடலாம். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஜெம்பேக்கள் இருந்தால் காஹோன் இடத்தில் அவற்றை வையுங்கள்.

முதல் வகுப்பிலேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள். 'ஆப்பிரிக்க மேளம்' என்று யாரும் சொல்லக் கூடாது. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. மாலியின் ஜெம்பே, யொரூபா மக்களின் துந்துன் என்று இடமும் மக்களும் சேர்ந்த பெயரைச் சொல்லட்டும். சுவரில் உலக வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு மேளமும் அறிமுகமாகிற நாளில் ஒரு பிள்ளை போய் அந்த இடத்தில் ஊசி குத்தட்டும்.

படி 2: வாய் முதலில்

மேளம் வாசிக்கிற மக்கள் பலரிடம் ஒரு பொதுவான வழக்கம் இருக்கிறது. கையில் வருவதற்கு முன்னால் அதை வாயில் சொல்லிவிடுவார்கள். மிருதங்கத்துக்குச் சொற்கட்டு இருக்கிறது, தபலாவுக்கு தா, தின், நா என்ற போல்கள் இருக்கின்றன. ஜப்பானின் தைக்கோ மாணவர்கள் தோலின் நடுவில் விழும் அடியை 'தோன்' என்றும், விளிம்பில் விழும் அடியை 'கா' என்றும் சொல்லிப் பழகுகிறார்கள். அரபு நாடுகளின் தர்புக்காவில் நடு அடி 'தும்', ஓர அடி 'தெக்'. ஆகவே முதல் இரண்டு வாரம் மேளமே இல்லாமல் நடத்துவதில் தயக்கம் வேண்டாம். கலைஞர்கள் கற்ற முறையே இதுதான்.

தொடங்குவதற்கு மிகச் சிறந்த பயிற்சி எட்டு மாத்திரையை, அதாவது சீரான எட்டு எண்ணிக்கையை, 3, 3, 2 என்று உடைப்பது. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே சீராக இதைச் சொல்லட்டும்:

தகிட தகிட தக | தகிட தகிட தக

வேகம் வேண்டாம். சொல் சீரானதும், ஒவ்வொரு 'த'வின் மீதும் மட்டும் கைதட்டச் சொல்லுங்கள். எட்டு மாத்திரையில் மூன்று தட்டு விழும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு சொல்லை முணுமுணுப்பாகக் குறைக்கவும். பிறகு சொல் மனதுக்குள் ஓடட்டும், தட்டு மட்டும் வெளியே கேட்கட்டும். இந்த இடத்தில் வகுப்பு வேகம் பிடிக்கும், அது எப்போதும் நடப்பதுதான். நிறுத்திவிட்டு மறுபடி வாய்விட்டுச் சொல்லவைத்தால் வேகம் தானே அடங்கும்.

இப்போது பிள்ளைகள் கையில் இருக்கும் இந்த 3, 3, 2 கியூபா இசையின் அடித்தளங்களில் ஒன்று. கரீபியன் தீவுகளின் நடன இசையிலும் அரபு நாட்டுத் தாளங்களிலும் இது கேட்கிறது. இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். தட்டு நன்றாகப் பிடிபட்டதும் ஒரு கியூபா இசைத்துண்டைப் போட்டுவிட்டு அதோடு சேர்த்துத் தட்டச் சொல்லுங்கள். தாங்கள் பழகியது அதற்குள் ஓடிக்கொண்டிருப்பதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது ஏழு. 'தகிட தக திமி' என்று 3, 2, 2 ஆகச் சொன்னால் கர்நாடக இசையின் மிஸ்ர சாப்பு. அதையே 'தக தக தகிட' என்று 2, 2, 3 ஆகத் திருப்பினால் பல்கேரியாவின் ராச்செனித்சா நடனத் தாளம். ஒரே ஏழு, வேறு இடத்தில் தொடங்குகிறது, நடையே மாறிவிடுகிறது. 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதில் மிகுந்த ஆர்வம் காட்டுவார்கள். நேரம் இருந்தால் அரபு மக்ஸூம் தாளத்தையும் சேர்க்கலாம்: தும் தெக் – தெக் தும் – தெக் –. கோடு இருக்கும் இடத்தில் ஒரு மாத்திரை மௌனம். இதையும் முதலில் வாயால் சொல்லட்டும்.

படி 3: உடம்பில் வாங்குவது

வாயில் வந்தது காலுக்கும் கைக்கும் இறங்க வேண்டும். எல்லாரும் எழுந்து நின்று இடவலமாகக் கால் மாற்றிச் சீராக அடி வைக்கட்டும். அந்த நடையின் மேல் கைதட்டு வரட்டும். உட்கார்ந்தபடி தாளம் பழகும் பிள்ளை எண்ணிக்கொண்டே இருக்கும், நடந்துகொண்டு பழகும் பிள்ளைக்குச் சீக்கிரமே எண்ணிக்கை தேவைப்படாமல் போகும்.

இங்கே ஒரு தாளத்துக்குள் இன்னொன்று ஓடுவதை அறிமுகம் செய்யுங்கள். ஆறு வரை எண்ணுங்கள். ஒரு குழு 1, 3, 5இல் தட்டட்டும், மற்றது 1, 4இல் தட்டட்டும். ஒரே நேரத்தில் மூன்றும் இரண்டும் கேட்கும். மேற்கு ஆப்பிரிக்க இசையின் பெரும் பகுதி இந்த உறவின் மேல்தான் நிற்கிறது. சரியாக வந்ததும் குழுக்களை இடம் மாற்றுங்கள். அதன் பிறகு, எதிர்க்குழு தட்டுவதைக் காதில் வாங்கிக்கொண்டே தன் பங்கைத் தவறவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். காதைப் பொத்திக்கொண்டு தட்டுகிற பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அது வேண்டாம். கேட்டுக்கொண்டே நிலைத்திருப்பதுதான் இந்தப் பயிற்சி.

11 வயதுக்கு மேல் என்றால் கானா, டோகோ பகுதியின் எவே மக்கள் இரும்பு மணியில் அடிக்கும் அடிப்படைச் சுழற்சியை முயலலாம். பன்னிரண்டு வரை எண்ணி 1, 3, 5, 6, 8, 10, 12இல் தட்ட வேண்டும். கால் 1, 4, 7, 10இல் விழ வேண்டும். இது ஒரு வகுப்பில் வராது. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் இரண்டு நிமிடம் கொடுத்தால் மூன்றாம் வாரத்தில் பாதிப் பேருக்கு வந்துவிடும், அவர்கள் மற்றவர்களை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

படி 4: பார்க்காமல் கேட்பது

மேளத்தைக் கண்ணில் காட்டும் முன் காதுக்குக் கொடுங்கள். படத்தையோ காணொளியையோ பார்த்துவிட்டால் பிள்ளைகளின் கவனம் உடைக்கும் நிறத்துக்கும் போய்விடும். ஒரு நிமிடத் துண்டு ஒன்றை மூன்று முறை போடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு கேள்வி. முதல் முறை: எதனால் ஒலி எழுப்புகிறார்கள், கையா, குச்சியா, வேறு ஏதாவதா? இரண்டாம் முறை: எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? மூன்றாம் முறை: ஒரே மேளத்தின் சுருதி ஏறி இறங்குகிறதா?

குயீக்காவைப் போடும்போது யாரும் அதை மேளம் என்று சொல்ல மாட்டார்கள். குரங்கு, அழுகிற குழந்தை, கதவு என்று பதில்கள் வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவையுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். செய்து பார்க்கும் வகுப்பு வரை அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கட்டும்.

ஒலிப்பதிவுகளுக்கு ஸ்மித்ஸோனியன் ஃபோக்வேஸ் ஒரு நல்ல களஞ்சியம். 1948இல் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனத்தின் தொகுப்பை 1987இல் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மேடை நிகழ்ச்சியோடு, ஊர்ப்பொதுவில் மக்களோடு மக்களாக வாசிக்கும்போது பதிவானதையும் தேடி எடுங்கள். ஆட்டமும் பாட்டும் பேச்சும் கலந்த பதிவில்தான் அந்த மேளம் தன் இடத்தில் எப்படி வாழ்கிறது என்பது தெரியும். 'உலக இசை' என்ற பெயரில் மின்னணு ஒலியோடு கலந்து விற்கப்படும் பின்னணி இசையைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: மேளம் கைக்கு வருகிறது

மூன்றாம் வாரத்தின் கடைசியில் மேளம் வரலாம். அதற்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். தோலும் கிழியும், விரலும் வீங்கும்.

காஹோனில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, கால்களுக்கு இடையில் இருக்கும் முன்பலகையை வாசிக்க வேண்டும். பலகையின் மேற்பகுதிக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை முழுதும் பட அடித்தால் கனமான ஒலி வரும். மேல் விளிம்பில் விரல்நுனிகள் பட்டால் கூர்மையான ஒலி வரும். முதல் நாளுக்கு இந்த இரண்டும் போதும். ஜெம்பே என்றால் அடிப்பக்கத் துளை தரையில் அடைபடாதபடி சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடு அடியின் ஆழம் வெளியே வராது. ஜெம்பேயில் நடுவில் ஓர் அடி, விளிம்பில் விரல்கள் சேர்ந்த ஓர் அடி, விளிம்பிலேயே விரல்கள் தளர்ந்த ஓர் அடி என்று மூன்று ஒலிகள் உண்டு. மூன்றாவது அடி வரப் பல மாதம் ஆகும். பிள்ளைகளை அதற்காக வருத்த வேண்டாம். அடித்த கை உடனே எழும்ப வேண்டும், தோலிலேயே தங்கினால் ஒலி செத்துவிடும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

'தகிட தகிட தக' இப்போது மேளத்துக்கு வரட்டும். 'த'வுக்குக் கனமான அடி, மற்றவற்றுக்கு லேசான விரல். இரண்டு வாரம் வாயில் ஊறியதால் பெரும்பாலோருக்கு இது அன்றே வரும்.

சத்தத்தைப் பற்றி இங்கே கறாராக இருக்க வேண்டும். 85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். மூடிய வகுப்பறையில் முப்பது பேர் ஒன்றாக மேளம் அடித்தால் அந்த அளவை எட்டிவிடக்கூடும், கேட்பதோ பிள்ளைகளின் காது. அதனால் ஒரு நேரத்தில் பாதிப் பேர் மேளம், பாதிப் பேர் கைதட்டு என்று மாற்றி மாற்றி நடத்துங்கள். முடிந்தால் திறந்தவெளிக்குப் போங்கள். குச்சியை விடக் கையே நல்லது. ஒலி அளக்கும் செயலியைக் கைபேசியில் ஓடவிட்டு அந்த எண்ணைப் பார்க்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், ஆசிரியர் அதட்டுவதை விட அது வேலை செய்யும்.

சத்தம் தாங்காத பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்குக் காதுக்காப்பு கொடுங்கள், கதவருகே இடம் கொடுங்கள், குறிப்பு காட்டும் வேலையைக் கொடுங்கள், விலக்கி வைக்காதீர்கள். காது கேளாத பிள்ளை இருந்தால் மரத்தரையில் வெறுங்காலோடு நிற்கட்டும், அல்லது காஹோனின் மேல் உட்காரட்டும், அதிர்வு உடம்பில் ஏறும். ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி 12 வயதிலேயே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். உலகப் புகழ்பெற்ற தாளக் கலைஞரான அவர் மேடையில் வெறுங்காலோடுதான் வாசிக்கிறார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தாளக் கலைஞர்களை முன்நின்று நடத்தியவர் அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

படி 6: செய்து பார்ப்பது

இந்த வகுப்புக்குப் பொருட்கள் அதிகம் வேண்டாம், நேரம்தான் வேண்டும்.

குயீக்காவில் இருந்து தொடங்குங்கள். ஒரு காகிதக் கோப்பையின் அடியில் சிறு துளை போட்டு, தடித்த பருத்தி நூல் ஒன்றை நுழைத்து, வெளிப்பக்கத்தில் ஒரு தீக்குச்சித் துண்டைக் கட்டி நூல் உருவிக்கொண்டு வராமல் செய்யவும். நூல் கோப்பையின் வாய்வழியே தொங்க வேண்டும். ஈரத்துணியால் நூலை மேலிருந்து இறுக்கிப் பிடித்து விட்டு விட்டு இழுத்தால் கோப்பை கத்தும். துணி நூலைப் பற்றுகிறது, வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. அந்த நடுக்கம் கோப்பையின் அடிப்பாகத்துக்குப் போய்ப் பெரிதாகிறது. பிரேசிலின் குயீக்காவில் குச்சியும் தோலும் செய்வது இதையே. அந்நாட்டின் சம்பா நடன இசைக் கலைஞர்கள் ஒரு கையால் உள்ளே குச்சியை உருவிக்கொண்டே மறு கையால் வெளியே தோலை அழுத்திச் சுருதியை மாற்றுகிறார்கள். பலகையில் தொங்கிக்கொண்டிருந்த கேள்விக்கு இப்போது பிள்ளைகளே விடை சொல்வார்கள்.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய தகர டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி மேளமாக்குங்கள். தட்டி, ஒலியை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு கோலிக்குண்டு அளவு பிசைந்த மாவை நடுவில் தட்டையாக ஒட்டித் தட்டுங்கள். சுருதி இறங்கும், ஒலியின் தன்மையும் மாறும். மாவைக் கூட்டி, குறைத்து, ஓரத்துக்கு நகர்த்திப் பார்க்கட்டும். மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையில் இருக்கும் கரணை என்ற கரும் பூச்சும், இடப்பக்க முகமான தொப்பியில் வாசிக்கும் முன் ஒட்டும் ரவையும் இதற்காகத்தான். வெறும் தோலில் எழும் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைந்து போவதில்லை, அதனால் பெரும்பாலான மேளங்களுக்குத் திட்டமான சுருதி கிடையாது. கரணையின் எடை அந்த அதிர்வுகளை முழு எண் விகிதங்களுக்குக் கொண்டுவருவதால் மிருதங்கத்திலும் தபலாவிலும் சுருதி தெளிவாகக் கேட்கிறது. இதை ஆராய்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் சி.வி. ராமன். நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது அதற்குப் பத்தாண்டு கழித்து, ஒளி பற்றிய ஆய்வுக்காக.

நேரம் மிஞ்சினால், ஒரு கிண்ணத்தின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி உப்பைத் தூவி, அதற்கு அருகே இன்னொரு மேளத்தைத் தட்டுங்கள். தொடாமலே உப்பு துள்ளும்.

படி 7: பேசும் மேளம்

எட்டு வாரத்தில் மிகச் செறிவான வகுப்பு இது. அவசரப்படாமல் இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள்.

யொரூபா மொழியில் மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதிகள் உண்டு. ஒரே எழுத்துகள் கொண்ட சொல் சுருதி மாறினால் கணவன், மண்வெட்டி, வாகனம், ஈட்டி என்று பொருள் மாறிவிடும். துந்துன் கலைஞர் அந்தச் சுருதிகளை அப்படியே மேளத்தில் எழுப்புகிறார். அதனால்தான் அதைக் கேட்கிறவர்களுக்கு அது பேச்சாகவே கேட்கிறது. வாழ்த்து, பழமொழி, வம்சப் பெருமை எல்லாம் மேளத்தில் வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உயிரும் மெய்யும் போய்ச் சுருதி மட்டும் மிஞ்சினால் எத்தனையோ சொற்கள் ஒன்றுபோல ஒலிக்குமே? காங்கோ ஆற்றோரத்தின் கெலே மக்கள் இதற்குக் கண்ட வழி வியக்கவைப்பது. அவர்கள் செய்தி அடித்தது தோல் மேளத்தில் இல்லை. குடைந்த மரக்கட்டை ஒன்றில் நீளப் பிளவு இருக்கும், அதன் ஒரு உதடு மேல் சுருதி தரும், மற்றது கீழ்ச் சுருதி தரும். 'நிலா' என்று மட்டும் அடித்தால் யாருக்கும் புரியாது என்பதால் 'மண்ணைக் குனிந்து பார்க்கிற நிலா' என்று அடிப்பார்கள். 'கோழி' என்பதை 'கியோ கியோ என்று சொல்கிற சின்னக் கோழி' என்று நீட்டுவார்கள். நீளம் கூடக் கூடக் குழப்பம் குறைகிறது. காங்கோவில் பல ஆண்டு வாழ்ந்து அந்த மேள மொழியைக் கற்ற ஜான் கேரிங்டன் என்ற ஆங்கிலேய மதபோதகர் இவற்றைப் பதிவு செய்து வைத்தார்.

இந்த விளக்கத்தைப் பாடம் நடத்தும் முன்பே கொடுத்துவிடாதீர்கள். முதலில் விளையாட்டை நடத்துங்கள். இரண்டு சுருதி தரும் ஏதாவது ஒன்று, துந்துன் இருந்தால் அது, இல்லாவிட்டால் ஒரு பெரிய டப்பாவும் சின்ன டப்பாவும். வகுப்பு பத்துச் சொற்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் எந்த அசை உயரம், எந்த அசை தாழ்வு என்று முடிவு செய்து பலகையில் மேடு பள்ளமாகக் கோடு போட்டு எழுதட்டும். ஒரு பிள்ளை திரும்பி நின்று ஏதோ ஒன்றை அடிக்க, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தோல்விதான் வரும், ஒரே கோட்டுக்கு மூன்று சொற்கள் பொருந்தும். என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டுவிட்டு விடுங்கள். சிலர் வேகத்தை மாற்றுவார்கள், சிலர் அடியின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். யாரோ ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும், சொல்லை நீளமாக்கினால் என்ன என்று. அப்போது கெலே மக்களின் நிலாவைச் சொல்லுங்கள். அதன்பின் ஒவ்வொரு குழுவும் தன் சொல்லுக்கு ஒரு நீண்ட தொடரை உருவாக்கி அடித்துக்காட்டட்டும்.

படி 8: மேளத்தின் வரலாற்றை மறைக்காமல் சொல்வது

மேளம் என்றால் கொண்டாட்டம் என்று மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுவது பாதி உண்மை. 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் மேளம் முழங்கக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம் அடிமைகள் மேளம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கரீபியன் தீவான டிரினிடாட்டிலும் 1880களில் மேளங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினார்கள். அப்புறம் பிஸ்கட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி என்று கையில் கிடைத்த தகரத்துக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் எண்ணெய் பீப்பாயின் தலையைச் சுத்தியலால் கிண்ணமாகக் குழித்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கி, ஸ்டீல்பான் என்ற கருவியை உருவாக்கினார்கள். வாசித்தவர்களை ரவுடிகள் என்று ஊர் ஒதுக்கியது. 1951இல் அவர்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு குழு லண்டன் விழாவில் வாசித்தது. 1992இல் அது நாட்டின் தேசியக் கருவி ஆனது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் நாளாக அறிவித்தது.

காஹோனும் அப்படியே. பெருவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சரக்குப் பெட்டிகளை மேளமாக்கியதில் அது பிறந்தது. 1970களின் பிற்பகுதியில் ஸ்பெயினின் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா பெருவின் தலைநகர் லிமாவில் அதைக் கேட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார், அந்நாட்டின் ஃபிளமெங்கோ இசையில் அது ஒட்டிக்கொண்டது. அதை ஸ்பெயின் கருவி என்று பலர் நினைக்கத் தொடங்கினார்கள். 2001இல் பெரு அரசு காஹோனைத் தன் தேசப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

பிள்ளைகள் இதைக் கேட்டதும், ஏன் மேளத்தைத் தடை செய்தார்கள் என்பார்கள். அந்தக் கேள்வியை வகுப்பில் பேசவிடுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி போகும், கூட்டம் சேரும், பயந்தவர்களுக்குத் துணிச்சல் வரும் என்பதைப் பேசும் மேளத்தை வாசித்தவர்களால் தாங்களே சொல்ல முடியும். மேளத்தை அடிப்பவர்களைத் தாழ்வாகப் பார்த்த வழக்கம் டிரினிடாட்டில் மட்டும் இருந்ததில்லை. பறையின் வரலாறும் அதுதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் ஸ்டீல்பான் கதையை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

எல்லா மேளத்தையும் எல்லாரும் தொடலாம் என்றும் இல்லை. கியூபாவின் பாட்டா மேளங்களில் சடங்குக்கு என்று அர்ப்பணித்தவற்றை உரிய தீட்சை பெற்றவர்களே வாசிக்கிறார்கள். அப்படிப்பட்ட இசையைக் கேட்டு, பேசி, அந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

படி 9: சேர்ந்து வாசிப்பது

கடைசி இரண்டு வாரம் இதற்கு. புதிதாக எதுவும் சேர்க்காமல், கற்றதை வைத்தே ஐந்து நிமிட வாசிப்பு ஒன்றை அமையுங்கள். பிரேசிலின் ரியோ நகரத்துச் சம்பாவில் வாசிக்கும் சுர்தோ மேளங்களில் இருந்து ஒரு யோசனை எடுக்கலாம். அங்கே இரண்டு பெரிய மேளங்கள் மாறி மாறி நடையைத் தாங்குகின்றன. மிகத் தாழ்ந்த சுருதியுள்ளது இரண்டாம் அடியில் விழுகிறது, சற்று உயர்ந்தது முதல் அடியில் பதில் சொல்கிறது. இரண்டு குழுக்களிடம் இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லாம் அதன்மேல் நிற்கும். அதற்கு மேல் காஹோனில் 3, 3, 2. அதற்கு மேல் காகிதக் கோப்பைக் குயீக்காக்கள். இடையில் பேசும் மேளம் தனியாக ஒரு தொடரை அடிக்க, வகுப்பு முழுதும் அதை வாயால் திருப்பிச் சொல்லட்டும்.

நிறுத்தும் குறிப்பை முதல் ஒத்திகையிலேயே பழக்குங்கள். நடத்தும் பிள்ளை ஒரு குறிப்பிட்ட சொற்கட்டை அடித்ததும் எல்லாரும் அடுத்த முதல் மாத்திரையில் ஒரே அடியோடு நிற்க வேண்டும். தொடங்குவதை விட ஒன்றாக நிறுத்துவது கடினம். நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு ஒத்திகையிலும் கை மாறட்டும், கூச்சப்படும் பிள்ளைக்கும் முறை வரட்டும்.

அந்த மேளத்தை வாசிக்கும் கலைஞர் ஒருவரை அழைக்க வாய்ப்பிருந்தால் ஆறாம் வாரத்துக்குப் பிறகு அழையுங்கள். அப்போதுதான் பிள்ளைகளிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். அவருக்கு உரிய ஊதியம் கொடுங்கள். வெறும் சால்வை போதாது. வாசிப்போடு, யாரிடம் கற்றார், எந்த வயதில் தொடங்கினார், மேளத்தை யார் செய்து கொடுத்தார் என்பதையும் பேசச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்துக்கு

பிள்ளைகள் இன்னும் கேட்டால் நான் இந்தோனேசியாவின் கமெலானுக்குப் போவேன். வெண்கலக் கோங்குகளும் உலோகத் தகடுகளும் சேர்ந்த அந்த இசைக்குழுவில் வேகத்தை ஏற்றுவதும் இறக்குவதும் கெண்டாங் என்ற மேளம்தான். 2021இல் கமெலானை யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதை வாசிப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள், கருவியைத் தாண்டிப் போக மாட்டார்கள். பாலித் தீவில் ஒரே மெட்டை இருவர் பங்கிட்டு, ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடித்து, கேட்கிறவருக்கு ஒரே ஆள் மிக வேகமாக வாசிப்பதுபோல ஒலிக்கச் செய்கிறார்கள். இரண்டு டப்பாக்கள் இருந்தால் இதை நாளையே தொடங்கலாம்: ஒரு பிள்ளை 1, 3, 5, 7இல் அடிக்க, எதிரே உட்கார்ந்த பிள்ளை 2, 4, 6, 8இல் அடிக்கட்டும். முதலில் மெதுவாக, வாயால் எண்ணிக்கொண்டே.